மூக்கின் பாரம்

கோவையில் மாடல் விமானம் செய்கிற ஒருவரைப் பார்க்கப் போகலாமா என்று நண்பர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நடிகர் அஜித்குமார்தான். அவர் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்ஐடியின் தக்‌ஷா அணி 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற செய்தியைத் தமிழ்நாடே படித்தது. "அது டிரோனுங்க. இவர் செய்யறது தலைகீழாப் பறக்கிற விமானம்" என்றார் நண்பர்.

ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கூரை. உள்ளே மரத்தூள் வாசனையும் விளக்கெண்ணெய் எரிந்த வாசனையும் கலந்து அடிக்கின்றன. பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவர் கற்ற தொழில் பேட்டர்ன் வேலை. ஒரு பம்பை இரும்பில் வார்ப்பதற்கு முன் அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர வடிவம்தான் பேட்டர்ன். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவு சுருங்கும். அதனால் பேட்டர்ன் செய்பவர்களிடம் தனி அளவுகோல் உண்டு. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்தச் சுருக்கத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் நீண்டிருக்கும். சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெரியவர் அதை இன்னும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

கோவையின் பம்புகள் இந்தியா முழுக்கத் தண்ணீர் இறைத்த காலத்தில் அவருக்கு இரவும் பகலும் வேலை. பிறகு கணினி பார்த்துக் கடையும் இயந்திரங்கள் வந்தன. தேக்கில் உளி பிடித்த கைகளுக்கு வேலை குறைந்தது. அந்தச் சமயத்தில் என்சிசி விமானப் பிரிவின் பயிற்றுநர் ஒருவர் இறக்கை முறிந்த மாடல் ஒன்றைக் கொண்டுவந்து, "ஒட்டிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். ஒட்டிக் கொடுத்ததோடு அதே போல இன்னொன்றையும் செய்து கொடுத்தார். வேலை தேடி வந்தது அப்படித்தான். இன்று அவர் பட்டறையில் ஈக்வடாரின் பால்சா மரப் பலகைகள் அடுக்கியிருக்கின்றன. தேக்கில் பழகிய கை அந்த இலேசான மரத்துக்கு எப்படிப் பழகியது என்று கேட்டேன். "மரம் மரந்தானுங்க தம்பி. இதுல அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

நாங்கள் போன நாளில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு அங்கே இருந்தது. மேசையில் எக்ஸ்ட்ரா 300 என்ற ஜெர்மன் சாகச விமானத்தின் மாடல். இறக்கை ஒன்றரை மீட்டர் நீளம். பறக்கத் தயாரானால் இரண்டரை கிலோ இருக்க வேண்டியது. பக்கத்தில் பெட்டி பிரிக்காத 20 சிசி பெட்ரோல் என்ஜின். கல்லூரிக்குப் பொருள் வாங்கித் தரும் முகவர் ஒருவர் தேர்ந்தெடுத்தது அது. பெரிய என்ஜின், அதிக சக்தி, ஆகவே நல்ல சாகசம் என்பது அவருடைய கணக்கு. விலையும் கூடுதல், கமிஷனும் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பெரியவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடை போட்டார். என்ஜின், சைலன்சர், தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் பெட்டி, அதற்குத் தனி பேட்டரி எல்லாம் சேர்ந்து 900 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. இந்த மாடல் வரையப்பட்டதோ 46 என்று சொல்லப்படும் ஏழரை சிசி மெத்தனால் என்ஜினுக்கு. ஜப்பானின் ஓஎஸ் நிறுவனத்தின் 46 ஏஎக்ஸ் சைலன்சரோடு சேர்த்தே 490 கிராம்தான்.

"நானூறு கிராம் அதிகம். அதுவும் மூக்கில. அம்மிணி, இப்ப நீ கணக்குப் போடு" என்றார், குழுவில் இருந்த மாணவியிடம். விமானத்தை எந்தப் புள்ளியில் தாங்கினால் அது சமமாக நிற்கிறதோ, அங்கிருந்து என்ஜின் 24 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. வால் 80 சென்டிமீட்டர் பின்னால். முன்னால் கூடும் 400 கிராமைச் சமன் செய்ய வாலில் 120 கிராம் ஈயம் வேண்டும். ஆக மொத்தம் 520 கிராம். இரண்டரை கிலோ விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீண் பாரம். அதைத் தாங்கிக்கொண்டு விழாமல் இருக்க விமானம் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பறந்தாக வேண்டும். தரையிறங்கும்போதும் அதே வேகம். போதாததற்கு ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜினின் உதறலை மெல்லிய பால்சா உடல் தாங்க வேண்டும். மாணவி பேனாவை வைத்துவிட்டு, "அப்ப இது வேண்டாங்கய்யா" என்றாள்.

சாகசப் பறத்தலில் வேகத்துக்கு முதலிடம் கிடையாது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் ஒரே சீராகப் போக வேண்டும். செங்குத்தாக நிமிர்ந்தாலும் இழுக்கிற பலம் குறையக் கூடாது. அதற்கு இழுவை விமானத்தின் எடையைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். உலகப் போட்டிகளில் எஃப்3ஏ என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 2 மீட்டருக்குள் நீளமும் அகலமும், 5 கிலோவுக்குள் எடையும் இருக்க வேண்டும். 1977-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆஸ்திரியாவின் ஹான்னோ பிரெட்னர் தம்முடைய குராரே மாடலோடு உலகப் பட்டம் வென்ற காலத்தில் என்ஜினுக்கு 10 சிசி என்பதே உச்ச வரம்பு. எல்லோரிடமும் ஒரே அளவு சக்தி இருந்ததால் யாருடைய விமானம் இலேசாகவும் சமநிலையோடும் இருந்ததோ அவர் கை ஓங்கியது. பெரியவரின் எண்ணமும் அந்தக் காலத்துடையதுதான். இப்போது அந்தப் பிரிவில் மின்மோட்டார்களே அதிகம். அவற்றுக்கேற்ற விமானங்களையும் அவர் செய்து தருகிறார். ஆனால் அவர் மனம் என்ஜினில்தான் இருக்கிறது.

அலமாரியிலிருந்து அவருடைய சொந்த என்ஜின் ஒன்றை எடுத்தார். 70 அளவு ஃபோர்ஸ்ட்ரோக். 46-ஐவிட ஏறக்குறைய 100 கிராம் கூடுதல். ஆனால் பெரிய காற்றாடியை நிதானமாகச் சுழற்றும். 46-க்கு 11 அங்குலக் காற்றாடி என்றால் இதற்கு 13 அங்குலம். விட்டம் பெரிதாக, முறுக்கு சிறிதாக இருக்கும் காற்றாடி ஏறும்போது நன்றாக இழுக்கும்; இறங்கும்போது அதுவே பிரேக்காகவும் நிற்கும்.

எரிபொருள்தான் இங்கே சிக்கல். மெத்தனாலில் ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ கலந்து, கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் சேர்த்தால் இந்த என்ஜின் ஓடும். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி இறுகியிருக்கிறது. இறுகத்தான் வேண்டும். அத்தனை உயிர்களுக்கு முன்னால் யாருடைய பொழுதுபோக்கும் பெரிதல்ல. உரிமம் உள்ள கல்லூரி ஆய்வகத்தின் பொறுப்பில், கணக்கு எழுதி எடுத்தால் மட்டுமே தொடுவேன் என்கிறார் பெரியவர்.

அந்த ஃபோர்ஸ்ட்ரோக் என்ஜினை மாடலில் பொருத்தியதும் ஒரு தராசு வந்தது. மீன் கடையில் கொக்கியில் மாட்டி நிறுப்பார்களே, அந்தத் தொங்கு தராசு. ஒரு முனையைத் தூணில் கட்டி, கொக்கியை வாலில் மாட்டி, என்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டார். முள் மூன்று கிலோவைத் தாண்டி நடுங்கியது. "போதும், இதுக்கு மேல என்னத்துக்கு?" என்று அணைத்தார். ரேடியோ கருவியில் மாணவர்கள் செய்த அமைப்புகளை நான் பின்தொடரவில்லை. பெரியவரும் அங்கே போகவில்லை.

நான் அங்கே போனதற்குப் பலன் கிடைத்தது சமநிலை பார்த்த அந்த மாலையில்தான். எரிபொருள் தொட்டி காலி. பறக்கப் பறக்கத் தொட்டி காலியாகும், அது முன்னால் இருப்பதால் விமானம் பின்பாரமாகிக்கொண்டே போகும். ஆகவே காலித் தொட்டியில்தான் பார்க்க வேண்டும். இறக்கையின் அகலம் 30 சென்டிமீட்டர். முன் விளிம்பிலிருந்து 9 சென்டிமீட்டரில் இரண்டு பக்கமும் பென்சில் கோடு. இரண்டு மரக் குச்சிகளின் உச்சியில் ரப்பர் ஒட்டிய தாங்கி. அதன் மேல் விமானத்தைத் தலைகீழாக வைத்தார். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. 100 கிராம் கூடுதல் அல்லவா? மாணவர்கள் ஈயத்தைத் தேடினார்கள். அவர் வேண்டாம் என்று கையமர்த்தி, மூக்குக்குப் பின்னால் இருந்த 120 கிராம் ரிசீவர் பேட்டரியைக் கழற்றி 20 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிக் கட்டினார். 100-ஐ 24-ஆல் பெருக்கினாலும், 120-ஐ 20-ஆல் பெருக்கினாலும் 2400. விமானம் தாங்கியின் மேல் படுக்கைவசமாக நின்றது. ஒரு கிராம் ஈயம்கூடச் சேரவில்லை. "ஈயம் கட்டறது கடைசி வழிங்க. முதல்ல உள்ள இருக்கிறதை நகர்த்தோணும்" என்றார்.

அடுத்து இடவலச் சமநிலை. மூக்கையும் வாலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். சைலன்சர் இருந்த பக்கத்து இறக்கை இறங்கியது. எதிர்ப்பக்க இறக்கை நுனியில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை நாடாவால் ஒட்டினார். அதன் எடை 6 கிராம். நிமிர்ந்தது. நாணயத்தை எடுத்துவிட்டு அதே எடை ஈயத்தை உள்ளே புதைத்தார். இதைச் செய்யாத விமானம் வட்டமடிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் சாய்ந்து விலகும். குறை ஓட்டுபவரின் கையில் இருப்பதாகவே எல்லோரும் நினைப்பார்கள்.

மறுநாள் விடிகாலை, பொள்ளாச்சி பக்கம் ஒரு தரிசு நிலம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுவதற்குள் முடித்தாக வேண்டும். விமான நிலையத்தையும் சூலூர் விமானப்படைத் தளத்தையும் விட்டு விலகித்தான் இடம் தேட முடியும். கிடைத்த இடங்களும் ஒவ்வொன்றாக மனையாகின்றன. நல்ல உயரம் போனதும் விமானத்தை 45 பாகை ஏற்றத்தில் நிறுத்தி, அப்படியே தலைகீழாகப் புரட்டி, ரேடியோ கருவியின் கட்டுப்பாட்டுக் குச்சியை விடச் சொன்னார் பெரியவர். மூக்கு சட்டென்று தரையை நோக்கித் தாழ்ந்தால் முன்பாரம். தானாக மேலே வளைந்தால் பின்பாரம். அது நேர்கோட்டில் வெகுதூரம் போய், பிறகு மெல்ல, மிக மெல்ல மூக்கைத் தாழ்த்தியது. "இதுதான். இனி யாரும் தொடாதீங்க" என்றார்.

திரும்பும் வழியில் கூலியைப் பற்றிக் கேட்டேன். பெரும்பாலான கல்லூரி வேலைகள் அவருக்கு முகவர்கள் வழியாகவே வருகின்றன. ஒருமுறை தாம் செய்த விமானத்துக்கான பில்லைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். அவர் கைக்கு வந்ததைப் போல நான்கு மடங்கு இருந்தது. கோபம் அவருக்கு வரவில்லை, எனக்கு வந்தது. மரம் வாங்கியவர் அவர், வெட்டியவர் அவர், எந்த என்ஜின் உதவாது என்று சொல்லி விமானத்தைக் காப்பாற்றியவர் அவர். நடுவில் நின்றவர் ஒரு தொலைபேசி அழைப்புக்கு மூன்று பங்கு எடுத்துக்கொள்கிறார். மாணவர்கள் போட்டிக்கு எழுதும் அறிக்கையில் மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த மனிதரின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. டிரோனுக்கு ஊக்கத்தொகை, டிரோனுக்குப் பயிற்சி நிலையம் என்று நாடு பேசுகிறது. எடையும் தூரமும் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை விரலால் அறிந்த ஒருவர் பம்புக் கம்பெனிச் சந்தில் அடுத்த வேலைக்குக் காத்திருக்கிறார். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள ஆள் யாரும் இல்லை.

ஏரோநாட்டிக்கல் துறை நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கைகள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன, தேடிக் கண்டுபிடியுங்கள். ஒரு பருவத்துக்காவது அவர்களை வகுப்பறைக்கு அழையுங்கள். என்ஜின் வாங்கும் முன் அவர்களைக் கேளுங்கள், அறிக்கையில் அவர்கள் பெயரைப் போடுங்கள். கூலியை இடையில் யார் கையும் படாமல் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.