நீருக்கு மருந்து

மனிதருக்கு நோய் வந்தால் மருந்து வாய்வழியே உடலுக்குள் போகிறது. மாட்டுக்கும் அவ்வாறே, மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றி மாட்டின் வாயில் புகட்டுவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் கண்டிருப்பார்கள். கண்ணாடித் தொட்டியில் வளரும் சிறுமீனுக்கு வைத்தியம் பார்ப்பவரோ பெரும்பாலும் மீனைத் தொடுவதே இல்லை. அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலம்தான் அதற்குக் காப்பு. கை பட்டால் அது கலைந்துபோகும். ஆகவே நீரைச் சூடாக்குகிறோம், நீரில் உப்பிடுகிறோம், நீரில் மருந்தைச் சொட்டுகிறோம். பிறகு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பறவை தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் தம் முட்டைகளைப் பொரிக்கும் என்பது நம் சமய மரபு சொல்லிவரும் செய்தி. மீனாட்சி என்ற பெயருக்கு விளக்கம் தருவோரும் இதைச் சொல்வதுண்டு. எங்கள் வீட்டுத் தொட்டியின் கறுப்பு மோலிகளோ முட்டையிடாமல் குட்டி போடுபவை. போட்ட குட்டியைக் கண்டால் விழுங்கியும் விடுபவை. மரபு மீனுக்கு உரிமையாக்கிய பார்வை சில வாரங்களுக்கு எங்கள் பொறுப்பாயிற்று.

2024 டிசம்பர். சென்னையின் இரவுகள் சற்றே குளிர்ந்திருந்த நாட்கள். 2 அடி நீளத் தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர். அதில் 6 மோலிகள், 4 பிளாட்டிகள். மோலி ஒன்று சரளைக்கல்லில் விலாவை உரசி உரசித் திரும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அதன் கரிய உடலெங்கும் ரவையைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள். துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் பிளாட்டிகளின் வாலிலும் புள்ளிகள் தென்பட்டன.

மீன் வளர்ப்போர் இதனை வெண்புள்ளி நோய் என்பார்கள். காரணம், ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று. 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதற்கு இட்ட பெயர் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். கிரேக்கமும் இலத்தீனும் கலந்த அப்பெயரைத் தமிழ்ப்படுத்தினால் ‘பல பிள்ளை பெற்ற மீன்பேன்’ என்று வரும். மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று கொழுக்கும் இவ்வுயிரி, முற்றியதும் தோலைக் கிழித்துக்கொண்டு அடித்தரையில் விழுகிறது. அங்கே தன்னைச் சுற்றி உறையமைத்துக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிளவுபடுகிறது. உறையிலிருந்து வெளிவந்து நீந்தும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாட்களே கெடு. அதற்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் மடிந்துபோகும்.

மருந்து வேலை செய்வது அந்த ஓரிரு நாட்களில் மட்டுமே. தோலுக்கடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் அது ஒட்டுண்ணியை எட்டுவதில்லை. நோயாளியின் உடலைவிட்டு நோய் வெளியே வந்து அலையும் வேளைக்காக வைத்தியர் காத்திருக்க வேண்டும்.

மருந்துப் புட்டியோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா கேட்டார்: “ஏம்ப்பா, முப்பது ரூபா மீனுக்கு எண்பது ரூபா மருந்தா? கொளத்தூர் பக்கத்துலதானே இருக்கு, வேற வாங்கிக்கலாமே.”

கேள்வியில் நியாயம் இருந்தது. கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் நெகிழிப் பைகளில் கட்டித் தொங்கும் உயிர்களுக்குப் பஞ்சமில்லை. போதாததற்கு, எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் மீன் குழம்பு. மலக்கைட் பச்சை கலந்த அந்த மருந்து, சதையில் தங்கிவிடும் என்பதால் உண்ணும் மீனுக்குப் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. ஒரே வீட்டில் அடுப்பிலேறும் மீனுக்கு ஆகாத மருந்தைக் கூடத்து மீனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். ஜீவகாருண்யம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வள்ளலார் அச்சொல்லோடு புலால் மறுப்பையும் சேர்த்தே வைத்தார். வகுப்பறையில் அதைச் சொல்லித் தருகிறவர்களுக்கு அது மறந்திருக்க நியாயமில்லை.

விடை நூலிலிருந்து வரவில்லை. ஒட்டுண்ணியின் வாழ்க்கைக் கணக்கிலிருந்தே வந்தது. ஓடும் ஆற்றிலும் அகன்ற ஏரியிலும் இதே உயிரி உண்டு. அங்கே உறையிலிருந்து கிளம்பும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் பெரும்பாலானவை எந்த மீனையும் சேராமல் அழிந்துபோகும். நலிந்த மீனை நாரை முதலில் கொத்திக்கொண்டு போய்விடும். மீனுக்கும் விலகிச் செல்ல இடமுண்டு. 50 லிட்டர் நீரில் இவை எதுவும் இல்லை. பிறந்த ஒட்டுண்ணி அத்தனைக்கும் அதே பத்து உடல்கள்தாம் எதிரே நிற்கின்றன. ஆற்றில் அநேகமாகப் பொறுத்துக்கொள்ளக்கூடிய நோயைத் தொட்டியில் கொல்லும் நோயாக்குவது நான்கு கண்ணாடிச் சுவர்களே. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்விகமாகக் கொண்ட ஓர் இனத்தைச் சென்னை வீட்டுக் கூடத்தில் நம் கண்ணின் இன்பத்துக்காக அடைத்து வைத்திருக்கிறோம். அடைத்து வைத்தவருக்கு அதனால் ஒரு கடன் உண்டாகிறது. ஆற்றுமீனுக்கு அக்கடன் நம்மிடம் இல்லை. கடல்மீனை உண்பவர்களும் இதற்குக் கடன்பட்டவர்களே. எங்களுக்குள் இந்த அளவுக்குத்தான் தெளிவு பிறந்தது.

கடனை அடைக்கும் முறை எளியது, அலுப்பூட்டுவது. வெப்பமூட்டியைக் கொண்டு நீரை 26 பாகையிலிருந்து மெல்ல மெல்ல 30 பாகைக்கு ஏற்றினோம். வெப்பம் கூடினால் ஒட்டுண்ணியின் சுற்று விரைகிறது, மருந்துக்கு அது சீக்கிரம் அகப்படும். ஆனால் சூடான நீரில் பிராணவாயு குறையும். எனவே காற்றுக்குமிழிக் கருவி இரவும் பகலும் ஓடியது. வடிகட்டியில் இருந்த கரியை எடுத்துவிட்டோம். இருந்தால் அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் நாள்தோறும் குழாய் வைத்து அடிமண்டியோடு கால்பங்கு நீரை உறிஞ்சியெடுத்தான். ஈடாக ஊற்றும் நீர், குளோரின் நீங்குவதற்காக முந்தைய நாளே வாளியில் பிடித்து வைக்கப்பட்டது.

இரண்டாம் நாள் ஒரு பிளாட்டி இறந்தது. மூன்றாம் நாள், முதலில் நோயைக் காட்டிய மோலி. ஐந்தாம் நாள் காலையில் எஞ்சிய எட்டு மீன்களின் உடலிலும் ஒரு புள்ளி இல்லை. “சரியாப் போச்சே” என்றார் அம்மா.

கடுமையான பகுதி அதன்பிறகுதான் தொடங்கியது. புள்ளி மறைந்த நாளில் நோய் மீனைவிட்டுத்தான் போயிருக்கிறது, தொட்டியைவிட்டுப் போகவில்லை. அடித்தரையில் உறைகளுக்குள் பெருகிக்கொண்டிருக்கும் காலம் அது. மீன் துள்ளி நீந்துகிறது, இரைக்கு ஓடிவருகிறது, கண்ணுக்கு எல்லாம் நலமாகத் தெரிகிறது. அப்போது மருந்தை நிறுத்தினால் அடுத்த அலை முன்னதைவிடப் பன்மடங்காக எழும். நோயின் அடையாளமே இல்லாத உயிர்களுக்கு மேலும் பத்து நாட்கள் பணிவிடை செய்தோம். துன்பம் கண்ணெதிரே இருக்கும்போது கை தானாக நீளும். அது மறைந்தபின் கையை நீட்டியபடியே வைத்திருப்பது பெரும்பாடு. மனிதரைக் கவனித்துக்கொள்வதிலும் அப்படித்தானோ என்று அந்த நாட்களில் எங்களுக்குத் தோன்றியது. மருத்துவமனையில் கூடும் உறவு, வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில் எங்கே போகிறது?

எட்டு மீன்களும் பிழைத்தன. நோயைத் தாங்கிய மீன்களுக்கு அதே நோயை எதிர்க்கும் ஆற்றல் ஓரளவு வாய்க்கும் என்கிறது அறிவியல். மருந்துப் புட்டியில் பாதி மீதமிருக்கிறது. அம்மா தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எண்பது ரூபாய் இன்றும் வீண் செலவுதான். ஆயினும் ஞாயிறு காலையில் மீன் ஆய்ந்து கைகழுவி எழுந்ததும், தொட்டிக்கு வேண்டிய நீரை வாளியில் பிடித்து ஓரமாக வைப்பவர் அவரே.