கோடையைத் தாண்டும் கொடி

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரே விசாரிப்புதான்: "கொடி கிடக்கா?" தென்காசிக்குக் கிழக்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கொஞ்சம் செம்மண் காடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. நெல்லுக்கு விதை வாங்கலாம், உளுந்துக்கு வாங்கலாம். சர்க்கரைவள்ளிக்கு, எங்கள் பேச்சில் சீனிக்கிழங்குக்கு, விதை விற்கிற கடை எங்கள் பக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. போன வருசத்துக் கொடி யார் வீட்டில் உயிரோடு கிடக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் அது ஆச்சி வீடாக இருக்கும்.

தை மாதம் கிழங்கு தோண்டி முடித்ததும் நல்ல கொடியாகப் பார்த்து ஒரு கட்டு அறுத்துவருவாள். புறவாசலில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேருகிற வாழையடியில் அதை ஊன்றிவிடுவாள். அதற்குப் பிறகு மாசி, பங்குனி, சித்திரை. கிணற்றுக் கயிற்றில் ஒவ்வொரு வாரமும் முடிச்சுப் போட்டு நீளம் கூட்டுகிற காலம். அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், எதுவும் வீணாகக் கூடாது. "ஏட்டி, அந்தத் தண்ணிய முத்தத்துல கொட்டிராத, கொடிக்கு ஊத்து" என்று அடுப்படியிலிருந்தே சத்தம் கொடுப்பாள். வைகாசிக் கடைசியில் மலைப்பக்கமிருந்து சாரல் விழுந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். காடு தாத்தா பேரில் இருந்தது. கிழங்கு விற்ற காசு தாத்தா கைக்கு வந்தது. ஆச்சி கோடை முழுக்கத் தண்ணீர் சுமந்து காத்த கொடிக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு அது ஆறவில்லை.

நடுகைக்கு நுனிக்கொடி மட்டுமே அறுப்பாள். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிக்கொடியைத் தொடவிட மாட்டாள். பார் பிடித்து, நடுக்கணு மண்ணுக்குள் போகும்படி வளைத்து வைப்பாள். ஒரு மாதத்தில் களையெடுத்து மண் அணைப்பு, அடுத்த மாதம் மறுபடியும் ஒரு அணைப்பு. நடுவில் கொடியைத் தூக்கிப் புரட்டிவிட வேண்டும். விட்டால் கணுவுக்குக் கணு வேர் இறங்கிச் சுண்டுவிரல் கிழங்குகளாகப் போட்டுவிடும், பாரில் கிழங்கு திரளாது. அந்த வேலைக்குக் குனிந்த முதுகு சாயங்காலம் நிமிராது.

நுனியைத்தான் அறுக்க வேண்டும் என்பதன் காரணத்தை நான் படித்தது பல வருசம் கழித்துத்தான். காரணம் கூன்வண்டு. எறும்பைப் போல ஒல்லியாக இருக்கும். தலையும் இறக்கையும் கருநீலம், நடுவுடம்பு செம்பழுப்பு. முற்றிய அடித்தண்டிலும் கிழங்கிலும் அது முட்டை இடும். அடிக்கொடியை நட்டால் வண்டையும் சேர்த்து நட்டதாகிவிடும். அதற்கு மண்ணைத் தோண்டிப் போகத் தெரியாது. வெயிலில் பார் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகக் கிழங்குக்கு இறங்கிவிடும். மண் அணைப்பதே அந்த வழியை மூடத்தான். வண்டு விழுந்த கிழங்கை வெட்டினால் உள்ளே கருப்பு ஓட்டை, ஒரு கசந்த வாடை. புழு துளைக்கிறபோது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற கசப்பு அது. கொஞ்சம் சொத்தை என்றால்கூட வேகவைத்தபின் முழுக்கிழங்கும் கசக்கும். எங்கள் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இந்த வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறியைச் சிபாரிசு செய்கிறது. பெண்வண்டின் வாடையை வைத்து ஆண்வண்டை இழுத்துப் பிடிக்கிற பொறி. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருவர் காட்டில் மட்டும் வைத்தால் போதாது. அறுவடைக்குப் பிறகு சொத்தைக் கிழங்கையும் கொடியையும் பக்கத்துக் காட்டுக்காரர் அப்படியே போட்டுவைத்தால் வண்டு அங்கே குடும்பம் நடத்திவிட்டு இங்கே வரும். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்க்காரர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும். அதற்கு ஊரைக் கூட்டுகிற ஆள் வேண்டும். அந்த ஆள் எங்களுக்கு வாய்க்கவில்லை.

பொங்கலுக்கு எங்கள் சீமையில் கிழங்கில்லாமல் பானை ஏறாது. சேனை, சிறுகிழங்கு, பனங்கிழங்கோடு சீனிக்கிழங்கும் சந்தையில் குவியும். புரட்டாசியில் நட்டது நூற்றிருபது நாளில் சரியாக அந்த வாரத்துக்கு வரும். எல்லாருக்கும் அந்த வாரமே வரும் என்பதுதான் கஷ்டம். மாட்டுப்பொங்கல் தாண்டிவிட்டால் வியாபாரி மூடையைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். தோண்டினால் விலை இல்லை, மண்ணிலேயே விட்டால் வண்டு. ராத்திரியில் மலையிலிருந்து இறங்குகிற பன்றி வேறு. பழைய சேலைகளை வேலியாகச் சுற்றிக் கட்டி, தகரம் தட்டிக்கொண்டு காவல் கிடந்த மாமாக்களின் கண்கள் தை மாதம் முழுக்கச் சிவந்தே இருக்கும்.

வீட்டுக்காரருக்கு உகாண்டாவில் வேலை கிடைத்துச் சொரோட்டிக்குப் போனபோது, இந்தக் கிழங்கை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. தேசோ சீமை அது. 1980களின் பிற்பாதியில் கொள்ளைகளில் மாடுகள் பறிபோய், பிறகு மரவள்ளியில் தேமல் நோயும் பரவியபோது, சனங்களுக்குக் கைகொடுத்தது இந்தக் கிழங்குதான். அங்கே பார் கிடையாது. மண்ணைக் கூட்டி வட்டக் குவியல்களாக்கி, ஒவ்வொன்றிலும் சில கொடிகளைச் செருகுவார்கள். ஒரேயடியாகத் தோண்டுவதும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மா குச்சியால் குவியலைக் கிளறி, அன்றைக்கு உலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மண்ணை மூடுவார். ஆனால் டிசம்பரில் வெயில் ஏறி மண் வெடிக்கத் தொடங்கினால் அங்கேயும் கூன்வண்டு. இனம் மட்டும் வேறு. அதற்கு முந்திக்கொண்டு மிச்சத்தைச் சீவிக் காயப்போடுவார்கள். அமுகேகே என்று பேர். நசுக்கிக் காயவைத்தால் இங்கின்யோ. அந்த மாவில் புளி கலந்து கிண்டுகிற களியைத் தின்றபோது நம் ஊர்ப் புளி நாக்கில் வந்து உட்கார்ந்தது.

மார்ச்சில் முதல் மழை விழுந்த அன்று அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னது மழையைப் பற்றி அல்ல. அவருக்குக் கொடி இல்லை. சதுப்போரம் நிலம் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் மண்ணில் தப்பிய கிழங்கு தானாக முளைத்துக் கொடி நீளும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழையில் பாதி போய்விடும். கடல் தாண்டியும் அதே "கொடி கிடக்கா?"

அதற்கு அங்கே ஒரு வழி கண்டிருந்தார்கள். அறுவடையில் நோயில்லாத கொடியின் சிறு கிழங்குகளாக, வண்டு தொடாததாகப் பொறுக்கி, ஒரு பேசினில் காய்ந்த மணலுக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி வீட்டுக்குள் வைப்பது. மழைக்கு ஆறு எட்டு வாரம் முன்னால் எடுத்து, வேலி போட்ட சின்னப் பாத்தியில் நட்டுத் தண்ணீர் விட்டால், மழை வரும்போது அறுக்கக் கொடி தயார். நோயில்லாத கொடி என்பது அங்கே உயிர் நாடி. அசுவினி கொண்டுவரும் ஒரு வைரஸும் வெள்ளை ஈ கொண்டுவரும் இன்னொன்றும் ஒரே செடியில் சேர்ந்துவிட்டால் இலை சுருங்கிச் சிறுத்து, கிழங்கே இல்லாமல் போகும். கையிலிருந்து கைக்குப் போகிற கொடியோடு நோயும் ஊர் ஊராகப் போகிறது.

2016இல் மரியா ஆன்ட்ரடே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ, ஹோவர்த் பூயிஸ் நால்வருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. முதல் மூவரும் ஆப்பிரிக்காவில் ஆரஞ்சுச் சதைக் கிழங்கைப் பரப்பப் பாடுபட்டவர்கள், முவாங்கா உகாண்டாக்காரர். வைட்டமின் ஏ குறைந்து கண் கெடுகிற குழந்தைகளுக்கு, தினம் ஒரு சின்னக் கிழங்கு போதும் என்கிற அளவு சத்து அதில் இருக்கிறது. 2007இல் உகாண்டாவில் வந்த கபோடே ரகத்தைச் சொரோட்டிச் சந்தையில் நானே வாங்கியிருக்கிறேன். நம் பக்கம் ஸ்ரீகாரியத்தாரின் பூ சோனாவும் அதே நிறம்தான். பரிசுக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் எத்தனை அருமையான ரகமானாலும் ஒரு கோடையில் கொடி காய்ந்தால் அந்த வீட்டில் அது இல்லை என்றாகிவிடும். நிழலும் தண்ணீரும் உள்ள ஒரு மூலை நிலம் பெண்ணின் கைவசம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். குத்தகைக் காட்டில், அடுத்த வருசம் யாருக்கோ போகப்போகிற மண்ணில், எவள் கொடி காப்பாள்?

ஆச்சி இப்போது இல்லை. புறவாசல் வாழையும் இல்லை. அங்கே சிமெண்டுத் தளம். ஊரில் மதினி மட்டும் விடாமல் கிழங்கு போடுகிறாள். மணல் விசயத்தைச் சொன்னதும், "அதெப்படி, நம்ம வெயிலுக்கு அவிஞ்சுல்லா போவும்?" என்றாள். ஆனாலும் தையில் ஒரு பேசின் நிறைய அடுக்கி அரங்குவீட்டு மூலையில் வைத்தாள். சாரல் தொடங்குகிற சமயத்தில் எடுத்துப் பார்த்தபோது கொஞ்சம் அழுகியிருந்தது, கொஞ்சத்தை எலி தின்றிருந்தது, பாதிக்குமேல் முளை கட்டியிருந்தது. புரட்டாசியில் அவள் காட்டுக்குப் போக மிச்சக் கொடியைக் கட்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்றாள். அந்தப் பணத்தை அண்ணனிடம் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டி எலிக்கு மூடி செய்துவைத்திருக்கிறாளாம்; இந்தத் தைக்கு இரண்டு பேசின் வைக்கப்போகிறாள்.