திருப்புட்குழியிற் கண்டது

சென்ற ஆடித் திங்களில் ஒரு ஞாயிறன்று திருப்புட்குழி காணச் சென்றோம். காஞ்சி மாநகருக்கு மேற்கே, பெங்களூர்ப் பெருஞ்சாலையை அடுத்துள்ளது இச்சிற்றூர். சீதையைக் காக்கப் பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பர். ஊர்ப்பெயரும் அக்கதையைச் சொல்லும். விசயராகவப் பெருமாள் கோயிலில் வேறொரு வழக்கமும் உண்டு. மகப்பேறு வேண்டும் மாதர் வறுத்த பயற்றை இரவில் மடியிற் கட்டித் துயில்வர். விடியலில் அது முளைத்திருப்பின் பிள்ளை பிறக்கும் என நம்புவர். வறுத்த பயறு முளைக்குமோ என ஆராய்தல் எம் நோக்கமன்று. பிள்ளைக்கு இத்துணை ஏங்கும் நாட்டில், பிறந்த பிள்ளை ஒன்று காப்பாரின்றி நின்றதை அன்று மாலையே கண்டோம்.

திரும்பும் வழியில் ஓர் உணவுக்கடையில் எச்சில் இலை எடுத்த சிறுவனுக்கு வயது பதினொன்றிருக்கும். தந்தை இறந்துபட்டார், தாய் செங்கற்சூளையிற் கூலி, பள்ளியை விட்டு ஆறு திங்களாயிற்று. உரியோர்க்குத் தொலைபேசியில் அறிவித்தோம். அறிவித்த அளவில் எம் கடன் தீர்ந்ததென்று தேநீரும் அருந்தினோம்! பணியாளர் ஒருவர் வந்தது நான்காம் நாள். அதற்குள் கடைக்காரர் சிறுவனை எங்கோ அனுப்பிவிட்டார்.

சினத்தோடு அப்பணியாளரைக் காணச் சென்றோம். அவரோ இளைஞர், தோற்பையில் அடங்காத கோப்புகள். "ஐயா, அந்த மூன்று நாளும் நான் வேறு மூன்று குழந்தைகளுக்காக அலைந்தேன்" என்றார். எம் சினம் நாணமாயிற்று.

சட்டத்திற் குறையில்லை. குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டத்தை 1920-இலேயே இயற்றி இந்தியாவுக்கு வழிகாட்டியது சென்னை மாகாணம். இன்றுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்தவேண்டும். அதன் குடும்ப நிலையை 15 நாளில் ஆராய்ந்து அறிவிக்கவேண்டும். ஆராய்வோர் எத்துணையர்? 'மிஷன் வாத்சல்யா' திட்டம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வகுத்தது சமூகப் பணியாளர் இருவர், களப்பணியாளர் இருவர். இன்றைய காஞ்சி மாவட்ட எல்லைக்குள் 2011-இலேயே 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

ஆளின்றேல் கண்காணிப்புமில்லை. மாமல்லபுரத்து அனாதை இல்லங்களிற் குழந்தைகள் துன்புறுவதாக 2007-இல் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றத்தில் எழுந்த அவ்வழக்கிற்குப் பத்தாண்டு கழித்து, 2017 மே மாதத்திலேதான் தீர்ப்புக் கிடைத்தது. இல்லங்கள் யாவும் அவ்வாண்டு முடிவிற்குள் பதிவு பெறவேண்டும், குழுக்களிலுள்ள வெற்றிடங்கள் நிரப்பப்படவேண்டும் என்றது நீதிமன்றம். இருக்கும் இல்லங்கள் எவையெனவே அரசு அறிந்திராத நிலையில், உள்ளிருக்கும் பிள்ளையின் அழுகுரலை யார் கேட்பர்?

இல்லங்களைப் பெருக்குவது சீர்திருத்தமாகாது என்பது எம் கருத்து. பணியாளரைப் பெருக்குக, தாயோடு வாழத்தக்க பிள்ளையைத் தாயோடு வாழவிடுக. அதற்கும் வழியுண்டு: கைம்பெண்ணின் பிள்ளை முதலாயினார்க்கு, ஆண்டு வருமானம் சிற்றூரில் 72,000 ரூபாய்க்கு மேற்படாதாயின், திங்களுக்கு 4,000 ரூபாய் நிதியாதரவு. நற்றிட்டமே. ஆயின் வருமானச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைபவள் அத்துணை நாட் கூலியையும் இழக்கிறாள். உடன் சென்று முடித்துத் தருதற்கும் ஆள் வேண்டுமன்றோ?

நிற்க. சிறுவன் அகப்பட்டான். அவ்விளைஞரே விடாது தேடி, தாய்மாமன் வீட்டிற் கண்டுபிடித்தார். விண்ணப்பம் எழுதிய நாளில் யாமும் உடனிருந்தோம். சூளைப் புழுதி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்த அத்தாய், "விடுதிக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் ஐயா, என்னிடமே இருக்கட்டும்" என்றாள். பின்னர், "பணம் எப்போது வரும்?" என்று வினவினாள். யாம் இளைஞரை நோக்கினோம்; அவர் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது.