காற்றுக்கு வாசல் இரண்டு

புது வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. "சாமி, தெற்கே இவ்வளவு பெரிய சன்னல் வைத்தும் காற்றே வரவில்லை" என்பர். எதிர்ச்சுவரை நோக்கினால் அங்கே சன்னலே இராது. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லையேல், பின்வரும் காற்று வாசலிலேயே நின்றுவிடும். பழைய ஓட்டு வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். இதே உண்மை, நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞனின் மோட்டார் வண்டியில் உயிர்ப்பிரச்சினையாக வந்து நின்றதைப் பற்றியே ஈண்டு எழுத விழைகிறோம்.

விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே சாலையில் அமைந்த ஊர் மங்கலம்பேட்டை. அங்கே தகர வேலை செய்து பிழைத்த குடும்பம் ஒன்று. புனல், எண்ணெய்ப் படி, தகர முறம், மண்ணெண்ணெய் விளக்கு என்று தந்தையார் செய்யாத பொருளில்லை. பிளாஸ்டிக் வந்தபின் அவருடைய மரச்சுத்திக்கு வேலை குறைந்தது. மகன் மோட்டார் மெக்கானிக் ஆனான். அதோடு நில்லாமல், பழைய கார் ஒன்றை வாங்கிப் பந்தயத்துக்கென மாற்றத் தொடங்கினான். தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அதில் கரைந்தது. தந்தை மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மோட்டார்ப் பந்தயம் மேல்நாட்டார் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனத் தனித்தடமே எழுந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்பார் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். 1995-இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குச் சென்றார். ஆகவே நம் இளைஞனின் ஆசை வானத்திலிருந்து குதித்ததன்று.

ஒருநாள் தாய் நம்மிடம் அழுதுகொண்டு வந்தார். பந்தயத் தடம் ஒன்றில் பயிற்சிக்குச் சென்ற மகன், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்திருக்கிறான். மிதி அடிவரை இறங்கிவிட்டது, வண்டி நிற்கவில்லை. சரளைக்கல் பரப்பிய ஓரத்தில் புதைந்து நின்றதால் உயிர் பிழைத்தான். "அந்த வண்டியை விற்றுவிடச் சொல்லுங்கள் சாமி. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார் அந்த அம்மாள்.

நாம் சென்று முதலில் கேட்டது விற்பனையைப் பற்றியன்று. மிதி ஏன் இறங்கியது என்பதைத்தான். காரணத்தை அவன் நன்கு விளக்கினான். 900 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒருமுறை முற்றிலும் நிற்க வேண்டுமானால், அதன் வேகமெல்லாம் வெப்பமாக மாறியாக வேண்டும். அவ்வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் பெரும்பங்கு முன்சக்கரத் தட்டுகளில் சேரும். வளைவுக்கு வளைவு இவ்வாறு சேர்ந்தால் தட்டு ஆற நேரமேது? பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. சாதாரண வகைப் புதிய எண்ணெய் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். எண்ணெயை நெருக்க முடியாது, குமிழியை நெருக்கலாம். காலின் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே கழியும்.

"எண்ணெயை மாற்றிவிட்டேன் சாமி. இனிக் காற்றுக்குழாய் அமைக்க வேண்டும்" என்றான். அவன் கையில் நம் பங்கின் பழைய நாட்காட்டி அட்டை! அதை வெட்டி வளைத்து மாதிரி செய்து வைத்திருந்தான். (திருநாள்கள் அச்சிட்ட பக்கம் உட்புறமாக இருந்தது என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல்.) முன் பம்பரில், எதிர்காற்று அதிகமாக மோதும் இடத்தில் ஒரு வாய், அங்கிருந்து மூன்று அங்குலக் குழாய், அது சென்று முடியும் இடம் பிரேக் தட்டின் நடுப்பகுதி. அங்கேதான் நுட்பம் இருக்கிறது. இரு முகங்களுக்கிடையே இடைவெளியுள்ள தட்டு, சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வெளியே தள்ளும். நடுவில் ஊட்டினால் இரு முகமும் ஒன்றாக ஆறும். ஒரு முகத்தில் மட்டும் காற்றை ஊதினால் ஒருபக்கம் ஆறி மறுபக்கம் கொதித்துத் தட்டு கோணிவிடும்.

"இந்த வளைவைத் தகட்டில் யார் அடிப்பார்?" என்று நாம் கேட்டோம். "வெல்டிங் கடையில் கொடுக்கலாம்" என்றான். திண்ணையில் அமர்ந்து வேறுபக்கம் பார்த்திருந்த தந்தையார் எழுந்து வந்தார். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "புனலைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான்" என்றார் நம்மிடம். மகனிடமன்று.

அன்று மாலைக்குள் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வந்தது. அவருக்குப் பழகிய ஈயப் பற்று இதற்கு உதவவில்லை. அலுமினியத்தில் அது ஒட்டாது, ஒட்டினாலும் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். ஆகவே ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துப் பூட்டி, ரிவெட் அடித்தார். அந்த மடிப்பை நகத்தால் தடவிப் பார்த்தோம். இணைப்பு இருப்பதே தெரியவில்லை.

ரேடியேட்டருக்கான பெட்டியில்தான் இருவருக்கும் வாக்குவாதம் எழுந்தது. சிறிய வாயில் நுழையும் காற்று மெல்ல விரிந்து, வேகம் குறைந்து, அழுத்தம் கூடி ரேடியேட்டரின் முகம் முழுவதும் பரவ வேண்டும். தந்தை குறுகிய நீளத்தில் அகலமாக விரித்துவிட்டார். பக்கத்துக்கு ஏழு டிகிரி அளவுக்கு மேல் விரிந்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலத் தொடங்கும் என்று மகன் கூறினான். இடப் பற்றாக்குறையால் ஒன்பதில் உடன்பட்டனர். சுற்றிலுமிருந்த இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்தார் தந்தை. காற்று எளிய வழியையே தேடும். ரேடியேட்டரின் நெருங்கிய துளைகளைவிட ஒரு விரற்கடைச் சந்து அதற்கு இனிது.

பெட்டி முடிந்தது, எனினும் வெப்பம் குறையவில்லை. வெளிவழி? பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து உயர்த்தியிருந்தான், பலரும் செய்வதுபோல. தந்தை கம்பளி நூல் துண்டுகளைப் பானெட் முழுவதும் ஒட்டித் தடத்தில் ஓட்டச் சொன்னார். காற்றாடி விட்டுப் பழகிய ஊர்க்காரரின் யோசனை அது. முன்கண்ணாடியருகே இருந்த நூல்கள் வெளியே பறக்காமல் இடுக்கினுள் இழுபட்டன. கண்ணாடி அடியில் காற்று தேங்கி அழுத்தம் கூடுவதால், அந்த வழி வெளிவாசலாகாமல் இன்னோர் உள்வாசலாகிவிட்டது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னே, காற்று விரைந்து ஓடி அழுத்தம் குறையும் இடத்தில் மீன்செவுள் போல் ஐந்து பிளவுகள் வெட்டினார்கள். முன்பு நான்காம் சுற்றிலேயே சிவப்பைத் தொட்ட முள், இப்போது பத்துச் சுற்றுகள் ஓடியும் நடுவில் நிற்கிறதாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் வரையறுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டலாகாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆதலின் லாரியிலேற்றித் தடத்துக்குக் கொண்டுசெல்வது என்று மகனிடம் வாக்குப் பெற்றுக்கொண்டோம். தாய்க்கு இன்னும் முழு மனமில்லை. அவரை நாம் வற்புறுத்தவுமில்லை.

சென்ற வாரம் அவ்வழியே சென்றபோது தந்தையும் மகனும் முன்சக்கரத்தருகே குனிந்திருந்தனர். சக்கரத்தை முழுவதும் இடப்புறம் ஒடித்தால் டயர் குழாயில் உரசுகிறதாம். "அரை அங்குலம் மேலே தூக்கணும்பா" என்றான் மகன். "தூக்கினால் காற்று நடுவில் விழாதேடா" என்றார் தந்தை, தகரக் கத்தரியைத் தேடிக்கொண்டு.