உப்புப் பானை சொன்ன விஞ்ஞானம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நவராத்திரிக் கொலுவில் மின்னும் பொம்மைகளைக் காண்போர், அந்தப் பளபளப்புக்கும் வானத்துக்கும் உள்ள பகையை அறியமாட்டார்கள். பண்ருட்டிப் பக்கத்தில் பொம்மை செய்வதே எங்கள் குடும்பத் தொழில். களிமண்ணும் காகிதக் கூழும் அச்சிலிருந்து பொம்மையாகி, காய்ந்து, வண்ணம் பெற்றபின் கடைசியாக அடிப்பது வார்னிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து நாங்களே தயாரிப்போம்.

கொலு வருவதோ பெரும்பாலும் புரட்டாசியில், மழையும் அப்போதுதான். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால், சற்று நேரத்தில் பொம்மையெங்கும் வெண்மூட்டம் படரும். மை தீட்டிய கண்கூட மங்கிவிடும். அதைக் கடைக்காரர் வாங்கமாட்டார்.

இதற்கு அப்பாவின் விதி ஒன்றே: "அடுப்பங்கரையில் உப்பு கசிந்தால் வார்னிஷ் டப்பாவைத் திறக்காதே!" அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அவ்விதியின் காரணத்தை இங்கேதான் அறிந்தேன்.

ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து, உலரும் அரக்கினுள் சிக்குகிறது. அந்த நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே வெண்மூட்டம். தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும்; மக்னீசிய உப்பு கலந்த கல்லுப்பு அதற்கு முன்பே கசியும். ஆக, எங்கள் வீட்டு உப்புப் பானையும் ஓர் ஈரமானியே!

ஆனால் மூட்டம் விழுந்த பொம்மைக்கு அப்பாவிடம் மருந்தில்லை. சுரண்டிவிட்டு மறுபடி வண்ணம் தீட்டவேண்டியதுதான். 2024 புரட்டாசியில், வெயிலை நம்பி வார்னிஷ் அடித்த வேளையில் திடீர் மழை வந்து, முன்பணம் வாங்கியிருந்த தசாவதார செட்டு முழுவதும் வெளுத்தது. கெட்டது வண்ணமன்று, சிக்கியது ஈரம் என்று எனக்குத் தோன்றியது. உலர்ந்த அரக்கு ஸ்பிரிட்டில் மீண்டும் இளகும். கோந்தில் குழைத்த பொடி வண்ணம் அதில் கரையாது. மறுநாள் நல்ல வெயில். உப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மென்தூரிகையில் ஸ்பிரிட்டைத் தோய்த்து, மச்சாவதாரத்தின் வாலில் தேய்க்காமல் ஒரே வீச்சாகத் தடவினேன். மூட்டம் கலைந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கூர்மாவதாரத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். பத்தும் உரிய நாளில் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

தோழர்களே! பெரியவர்களின் விதிகளைப் பத்தாம்பசலி என்று ஒதுக்குமுன் 'ஏன்?' என்று ஒருமுறை கேட்போம். தடுக்கும் வழி அவர்கள் கையில் இருக்கிறது. காரணம் நம் பாடநூலில் இருக்கிறது. இரண்டும் சேருமிடத்தில்தான் பரிகாரம் பிறக்கிறது.