ஒரே வாய்க்காலின் நீர்

இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும் நாள்களில், ஹைதராபாத்தில் விற்கும் தெலுங்கு நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘தாயாதுல போரு’ என்ற தொடரை அடிக்கடி காணலாம். தாயாதிகளின் போர் என்பது பொருள். அதே ஆட்டத்தை ஆங்கில நாளிதழ்கள் ‘ஆர்ச் ரைவல்ஸ்’ மோதும் ஆட்டம் என்கின்றன. தமிழ் ஊடகங்களுக்குப் பழகிய சொல் ‘பரம எதிரிகள்’. மூன்றும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றும். ஆனால் தெலுங்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரு பக்கம் நிற்க, தமிழ்த் தொடர் வேறொரு பக்கம் போய்விட்டது.

தாயாதி தமிழுக்குப் புதிய சொல்லன்று. தாயம் என்பது முன்னோர் விட்டுச்சென்ற உரிமைப் பங்கு. அதைப் பெறுவோர் தாயாதிகள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இவர்களே பங்காளிகள். வரப்புத் தகராறில் பேச்சு அறுந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும்; வழக்கு நீதிமன்றத்தில் கிடக்கும். ஆயினும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டுக்கும் தீட்டு உண்டு. பங்காளிக் காய்ச்சல் என்று ஊர் சொல்லும் அந்தப் பொறாமைக்குக் காரணம் தொலைவு அன்று, பங்கு.

‘ரைவல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் உள்ளேயும் ஒரு பங்கு இருக்கிறது. அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘ரிவாலிஸ்’. ‘ரிவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலிலிருந்து நீர் பாய்ச்சுவோரையே உரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் அச்சொல்லால் குறித்தார். நீரைப் பயன்படுத்துவதில் அவர்களிடையே எழும் பூசலைப் பற்றிப் பேசும் இடம் அது. ஹைதராபாத்தின் மற்றொரு மொழியான உருதுவில், கஸல் மரபு ‘ரகீப்’ என்று ஒருவனைச் சொல்லும். காதலன் விரும்பும் அதே பெண்ணை விரும்புபவன் அவன். அங்கும் இருவருக்கும் பொதுவான ஒன்று நடுவில் இருக்கிறது.

‘ஒப்போனன்ட்’ என்பதன் இயல்பு வேறு. எதிரே நிறுத்துபவர் என்பது அதன் வேர்ப்பொருள். அவர் இருப்பதற்கு ஓர் ஆடுகளமோ விவாத மேடையோ தேர்தலோ வேண்டும். அது முடிந்தால் அவரும் ஒப்போனன்ட் அல்லர். தமிழின் எதிராளி இதற்கு நெருக்கமானது. எதிரி என்ற சொல்லும் அடிப்படையில் எதிரே நிற்பவர்தான். தமிழ்நாட்டில் குற்ற வழக்கு ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்று எழுதும் வழக்கத்தில் அந்தப் பழம்பொருள் இன்னும் வாழ்கிறது. பேச்சுவழக்கிலோ அது பகைவரைக் குறிக்கும் சொல்லாக இறுகிவிட்டது.

‘எனிமி’ இவை அனைத்திலும் கடுமையானது. நண்பர் அல்லாதவர் என்பதே அதன் இலத்தீன் மூலத்தின் பொருள். பழந்தமிழின் ஒன்னார், நண்ணார், கூடார் ஆகியனவும் இப்படி எதிர்மறையில் பிறந்தவையே: சேராதவர், நெருங்காதவர், கூடாதவர். இச்சொற்களில் ஆடுகளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. உறவின் இன்மை ஒன்றே உண்டு.

இந்த வேறுபாடு அகராதியோடு நிற்பதில்லை. 1968ஆம் ஆண்டின் எதிரிச் சொத்துச் சட்டம், பாகிஸ்தானுக்கோ சீனாவுக்கோ சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றோர் இங்கே விட்டுச்சென்ற வீடுகளையும் நிலங்களையும் அரசுக் காப்பாளரிடம் ஒப்படைக்கிறது. அத்தகைய சொத்துகள் ஹைதராபாத்திலும் உள்ளன. இந்தியக் குடிமகனான வாரிசு எதிரி ஆகமாட்டார் என்று மஹ்மூதாபாத் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் அதை மாற்றியது. வாரிசு இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் ‘எனிமி’ என்பதன் வரையறைக்குள் இப்போது அடங்குவார். தாயமாக வந்திருக்க வேண்டிய வீடு வரவில்லை. சொல் மட்டும் தாயமாக வந்து சேர்ந்திருக்கிறது. விளையாட்டுப் பக்கம் தாயாதி என்றழைக்கும் நாட்டிற்குச் சென்றவரின் பிள்ளையை, சட்டப் புத்தகம் எதிரி என்றழைக்கிறது.

கிருஷ்ணா நதியிலும் இதே கேள்வி ஓடுகிறது. 2014இல் ஆந்திரப் பிரதேசம் பிரிந்தபோது, பிரியாத மாநிலத்திற்கு ஒதுக்கப்பட்டிருந்த 811 டி.எம்.சி. நீர் பங்கிடப்பட வேண்டியதாயிற்று. 2015இன் இடைக்கால ஏற்பாட்டில் ஆந்திராவுக்கு 512, தெலங்கானாவுக்கு 299. தெலங்கானாவில் வாக்குப்பதிவு நடந்த 2023 நவம்பர் 30 அன்று விடிவதற்குள், நாகார்ஜுனசாகர் அணையின் 26 மதகுகளில் 13ஐ ஆந்திரக் காவலர்கள் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். பின்னர் மத்திய ரிசர்வ் காவல் படை வந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த நீர்த்தேக்கத்தின் நீர்தான் ஹைதராபாத்தின் குழாய்களிலும் வருகிறது.

இரு மாநிலங்களையும் ‘ரைவல்’ என்றால் உல்பியனின் பொருள் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்; தாயாதி என்றாலும் பொருந்தும். எதிரி என்று எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு இரண்டு படைகள் தெரியும். நடுவில் ஓடும் நதி தெரியாது. காவிரியைப் பற்றி எழுதும் தமிழருக்கும் கன்னடருக்கும் இது உரியதே.

மொழிபெயர்ப்பு வகுப்பில் இச்சொற்களை ஒரே வரிசையில் ஒருபொருட் பன்மொழியாக எழுதிக்கொள்ளும் மாணவர், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கேள்வியைக் குறித்து வைக்கலாம்: இவ்விருவருக்கும் பொதுவாக இருப்பது எது? களம் என்றால் எதிராளி. வாய்க்கால் என்றால் பங்காளி. ஒன்றுமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு எழுத வேண்டிய சொல் பகைவர். தமிழில் அந்த உறுதியைத் தேடாமலே நாள்தோறும் ‘பரம எதிரி’ அச்சாகிக்கொண்டிருக்கிறது.