மன்னவனூரில் நிழல் பேணும் தொழில்

பழனி மலைத்தொடரின் மேல்மட்டத்தில், கொடைக்கானல் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் அமைந்த மன்னவனூரில், நிழலின் பயன் பகலோடு முடிவதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளிகள் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து உறைபனியால் வெளுக்கும்போது, அவற்றை ஒட்டியே மலைமடிப்புகளில் நிற்கும் சோலைகளின் உட்புறம், அதாவது குட்டை மரங்கள் நெருங்கிய என்றும் பசுமையான காடுகளின் உட்புறம், இலைக்கூரை வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதால் கருகாமல் தப்புகிறது. பகல் வெயிலைச் சலித்தும் இரவுப் பனியை விலக்கியும் நிற்கும் இந்நிழலைத் தோட்டத்தின் ஒரு மூலையில் அமைத்துக் காப்பதே இங்கு நிழற்செடி வளர்ப்பின் அடிப்படையாகும்.

இத்தொழிலின் நுட்பத்தைக் கண்டறியப் பிரிமுலா தக்க செடியாகும். 400-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இப்பேரினத்தின் தாயகம் பெரும்பாலும் இமயமும் சீனத்தின் தென்மேற்கு மலைகளும் ஆகும். பழனி மலையில் இயல்பாக வளரும் பிரிமுலா எதுவும் இல்லை. மலைவாசத் தலங்களில் தொட்டிகளில் வளர்க்கப்படும் மாலக்காய்டஸ் என்னும் இனம் யுன்னான் மாநிலத்திலிருந்து உலகத் தோட்டங்களுக்குப் பரவியது.

அதன் விதை தூளைப் போல் நுண்ணியது. முளைக்க வெளிச்சம் வேண்டுவதால் அதை மண்ணால் மூடுவதில்லை. சலித்த இலைமக்கும் மணலும் கலந்த பரப்பை முதலில் நனைத்துவிட்டு, விதையை உலர்ந்த நுண்மணலோடு கலந்து, இரு விரல்களுக்கிடையே நழுவவிட்டுத் தூவுகின்றனர். மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் ஓரிடத்தில் ஒதுங்கிவிடுமாதலால், விதைத்த தட்டை ஆழமற்ற நீரில் வைத்து, ஈரம் அடியிலிருந்து ஏறும்படி செய்கின்றனர். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும் நாற்றை மாற்றி நடும் வேலையில்தான் கைத்தேர்ச்சி முழுமையாக வெளிப்படுகிறது. தேர்ந்த தொழிலாளி நாற்றின் தண்டைத் தொடுவதே இல்லை. கூர்சீவிய குச்சியால் வேரை அடியிலிருந்து நெம்பிக்கொண்டே, விதையிலையின் ஓரத்தை மட்டும் பற்றித் தூக்குவார். இலை கிழிந்தால் வேறோர் இலை வரும்; நசுங்கிய தண்டுக்கு மாற்று இல்லை. நடும்போது, இலைகள் கொத்தாகப் புறப்படும் கழுத்துப்பகுதி மண்மட்டத்திற்குச் சரியாக அமைய வேண்டும்; தாழ்ந்தால் நீர் தேங்கி அழுகும், உயர்ந்தால் செடி சாயும்.

மரநிழல் எல்லாம் இதற்கு உதவுவதில்லை. தைல மரத்தின் வேர் மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் அதனடியில் பாத்தி அமைப்பது வீண் உழைப்பு. காலை வெயில் சாய்வாக விழுந்து, நண்பகல் வெயில் மறைக்கப்படும் இடமே சிறந்தது; மரம் இல்லாத இடத்தில் நிழல்வலை கட்டுகின்றனர். உரத்திற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இவ்வூரில் இயங்குகிறது. ஆடு வளர்ப்பில் பழகிய இத்தகைய ஊரில் ஆட்டெரு புதிதன்று. ஆயினும் புத்தெரு மென்வேரைச் சுட்டுவிடும் என்பதால், நன்கு மக்கியதைச் சலித்தே சேர்க்க வேண்டும்.

தொழிலாளர் நலனைத் தொடும் ஒரு செய்தியைத் தோட்ட நூல்கள் பல ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன, அது பொருந்தாது. ஓப்கோனிகா என்னும் மற்றொரு பிரிமுலா இனத்தின் இலைமயிர்களில் பிரிமின் என்னும் பொருள் சுரக்கிறது. அதைத் திரும்பத் திரும்பத் தொடுவோரின் விரல்களிலும் முகத்திலும் அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம், ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குச் சிறிது தொட்டாலும் அது மீளலாம். பூவை ஒருநாள் பார்த்துச் செல்பவரைக் காட்டிலும், நாள்தோறும் பழுத்த இலை கிள்ளும் கூலித் தொழிலாளியே இதற்கு ஆளாகிறார். பிரிமின் நீக்கி உருவாக்கப்பட்ட வகைகள் கிடைக்கும் நிலையில், பழைய வகையை வாங்கிக் கையுறையும் தராமல் வேலை வாங்குவது நியாயமாகாது.

பிரிமுலா இம்மலைக்கு அயலானது எனினும் அதன் குடும்பம் அயலானது அன்று. பூக்குந் தாவரங்களின் வகைப்பாட்டில் 2009-இல் ஏற்கப்பட்ட திருத்தத்தின்படி, முன்னர் மிர்சினேசி எனத் தனித்து நின்ற மரக்குடும்பம் பிரிமுலாக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. அதனால் சோலைகளில் வளரும் ரப்பானியா, மேசா முதலிய மரங்களும் புதர்களும் அதன் உறவுகளாயின. கைலென்சு கொண்டு நோக்கினால் உறவின் அடையாளம் தெரியும்: பெரும்பாலான பூக்களில் மகரந்தத்தாள் இரண்டு இதழ்களுக்கு இடையே நிற்க, இவற்றில் ஒவ்வொரு தாளும் ஓர் இதழுக்கு நேராகவே நிற்கிறது.

இவ்வுறவு பெயரளவினதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சோலை மரக் கன்றுகளுக்கும் சலித்த ஒளி, வடியும் மண், பனிக்கு மறைவு ஆகியவையே தேவைப்படுகின்றன. பழனி மலையின் பழைய வாட்டில் மரத் தோப்புகளுக்குள் சோலை மரங்கள் தாமாகவே முளைத்தெழுவதற்கும் அத்தோப்புகள் தரும் நிழல் ஒரு காரணம். சோலை விதைகள் பல உலர்ந்தால் விரைவில் முளைப்புத்திறன் இழப்பதால், பழுத்த கனியின் சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். பைக்கன்றாகத் தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கொடைக்கானலில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கான பூச்செடி வேலை நவம்பர் வாக்கில் தொடங்கி மே மாதத்தோடு ஓய்கிறது. கன்று நடும் வேலையோ அதன்பின் வரும் மழைமாதங்களுக்கு உரியது. பிரிமுலா நாற்றைத் தண்டு தொடாமல் எடுக்கப் பழகிய தொழிலாளியை ஜூன் மாதத்தில் வேலையின்றி அனுப்பாமல், சோலைக் கன்றுகளின் நாற்றங்காலில் அமர்த்தினால் அவருக்கு ஆண்டு முழுதும் கூலி கிடைக்கும், மன்னவனூர்ச் சரிவுகளுக்கும் தேர்ந்த கை கிடைக்கும்.